கன்றுக்கு வைக்கோல்

பஸ் கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ" என்றால் நாமெல்லாம் ஓர் அடி நகர்ந்துவிட்டு நின்றுகொள்வோம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த அந்தப் பெண்ணோ போய்க்கொண்டே இருப்பார். ஒருமுறை லஸ் முனையில் ஏறியவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு டிரைவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கம்பி வரை போய், அங்கிருந்து திரும்பி, "இன்னும் போகணுமா?" என்று கேட்டார். கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இன்னாம்மா, நக்கலா? எறங்கி முன்னால நடந்துகினே இரு, பஸ்ஸு பின்னாலயே வரும்" என்றார் கண்டக்டர். பஸ் முழுவதும் சிரித்தது.

இறங்கிய பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "எங்க நிக்கணும்னு அவர் சொல்லவே இல்லையே சார்."

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு வீடு. மாடி அறையில் நான். கீழே பின்கட்டில் அவரும், செவி மந்தமான அவருடைய அப்பாவும். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அவர் அடையாறு பக்கம் ஒரு கல்வி நிறுவனத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எங்கள் தெருவில் பலருக்குத் தெரியாது. தபால்காரர் அவரை டைப்பிஸ்ட் என்றே நினைத்திருந்தார்.

ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட கைத்தறிப் புடவை, தடித்த கண்ணாடி. புரோகிராம்களை அட்டைகளில் துளையிட்டுத்தான் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். அப்படித் துளையிடும்போது விழும் கடுகளவு காகிதத் துணுக்குகள் மாலையில் அவர் வீடு திரும்பும்போது பின்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாமி அவற்றைத் தட்டிவிட்டபடி, "யாருடீ அட்சதை போட்டா, எனக்குச் சொல்லாம?" என்பாள். "அட்சதை இல்லை மாமி, காகிதம்" என்று அவர் பதில் சொல்வார். அந்தக் கேலியும் அந்தப் பதிலும் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நடக்கும்.

அட்சதைக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெண் பார்க்க வந்த பிள்ளையின் தகப்பனார், ஜமக்காளத்தில் சம்மணமிட்டு, "நாங்க வாயைத் திறந்து எதுவும் கேக்க மாட்டோம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்கோ" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் தெருவில் போகிற எவருக்கும் தெரியும். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த அவரோ தம் அப்பாவின் காதருகே குனிந்து, கூடமெல்லாம் கேட்கும்படி சொன்னார்: "அப்பா, அவா ஒண்ணும் கேக்கலையாம். அதனால நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்." வந்தவர்கள் காபியை முடித்துக்கொண்டு எழுந்தார்கள். மாமி அன்றெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் சொன்னதைத்தானே மாமி சொன்னேன்?" என்று அவர் கேட்ட முகத்தில் வருத்தம் இருந்ததா என்று நான் உற்றுப் பார்த்தேன். குழப்பம்தான் இருந்தது.

என் தொழிலும் அவரிடம் தப்பவில்லை. நான் தலைப்பு வைத்த செய்தி ஒன்று: 'நகரில் பலத்த மழை, மக்கள் மகிழ்ச்சி.' அவர் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு மாடிப்படியில் பாதி ஏறி வந்து நின்றார். "எந்த மக்கள் சார்? கூவம் ஓரத்துல குடிசைக்குள்ள தண்ணி வந்துடுத்துன்னு ஆறாம் பக்கத்துல நீங்களே போட்டிருக்கேளே." இன்னொரு நாள், "சுமார் ஆயிரம் பேர்னா, யார் எண்ணினா?" அதன் பிறகு 'சுமார்' என்று எழுதும்போதெல்லாம் என் பேனா ஒரு கணம் நின்றது.

இயல்பே அப்படியா, வேலை அப்படி ஆக்கியதா என்று எனக்குத் தெளிவாகவில்லை. ஒருமுறை அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். குளிரூட்டிய அறையில் பீரோ பீரோவாக நின்றது மெஷின். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கோயிலுக்குள் போவது போலத்தான் இருந்தது. அவர் மட்டும் அதைப் பார்த்துப் பணிவதாகத் தெரியவில்லை.

"இது முழு முட்டாள் சார். எழுதினதை மட்டும் படிக்கும். நாம மனசுல நெனச்சுண்டு எழுதாம விட்டது எதுவும் இதுக்குத் தெரியாது. அதனாலதான் எனக்கு இதோட ஒத்துப்போறது."

பிண்ணாக்கு முதலாளி அவரைத் தேடி வந்தது இந்த இடத்துக்குத்தான்.

தெற்கத்திக்காரர். தி.நகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆட்டிய பிறகு பிண்ணாக்கு மலையாக மிஞ்சும். அதைக் கன்றுத் தீவனமாக மாற்றி விற்கலாம் என்று அவருக்கு யோசனை. கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, கணக்கெல்லாம் போடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எம்மா, நான் பிண்ணாக்கு விக்கறவன். ஒரு கன்னுக்குட்டிக்கு என்னென்ன சத்து வேணும், அத ஆகக் கொறஞ்ச வெலையில எப்படிக் கலந்து போடணும், அம்புட்டுதான் கேக்கேன். மிஷின் சொல்லுமா?"

"சொல்லும்" என்றார் அவர்.

அதற்கப்புறம் சில வாரங்கள் வீட்டில் அதே பேச்சுதான். கடலைப் பிண்ணாக்கில் புரதம் எவ்வளவு, தவிட்டில் நார் எவ்வளவு, மீன்தூளில் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு, வெல்லப்பாகு எவ்வளவுக்கு மேல் போனால் வயிறு கெடும். கால்நடைக் கல்லூரியில் கேட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றையும் அட்டைகளில் ஏற்றினார். ஒரு மாலை கிணற்றடியில் பாத்திரம் துலக்கியபடியே என்னிடம் சொன்னார்:

"முதல்ல வேணும்னே எந்த வரம்பும் கட்டாம ஓட்டிப் பாத்தேன் சார். செலவு குறைச்சலா இருக்கணும்னு மட்டும்தான் சொன்னேன். எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டுது."

"அப்படியென்றால்?"

"கன்னுக்கு ஒண்ணுமே போடாதே, அதுதான் சல்லிசுன்னு அர்த்தம். கன்னு உயிரோட இருக்கணும்னு நான் எழுதலையே. அதை எழுதினப்புறம் சரியா சொல்றது."

அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கும்தான்.

முதலாளிக்கு வியாபாரத் தந்திரம் ஒன்று இருந்தது. சென்னைப் பால்காரர்கள் இப்போது கன்றுக்கு என்ன போடுகிறார்களோ அதில் என்ன குறைச்சல் என்று மெஷின் சொல்ல வேண்டும். அதை நோட்டீஸாக அடித்துத் தெருத்தெருவாகக் கொடுத்தால் தீவனம் தானாக விற்கும். முதலாளியே மந்தைவெளி டீக்கடையில் உட்கார்ந்து, வருகிற போகிற பால்காரர்களை விசாரித்து, விடைகளை அவரிடம் வந்து சொன்னார். அவர் அவற்றை மெஷினில் போட்டார். மறுநாள் மாலை வீட்டு வாசற்படியில் அவர் வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வார விடுமுறை.

"சார், ஒரு சந்தேகம். பால்காரா அத்தனை பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கா. கன்னுக்கு வைக்கோல்னு. வேற ஒண்ணுமே இல்லை. பிறந்து கொஞ்ச நாளே ஆன கன்னுக்கு வயித்துல வைக்கோல் செரிக்கவே செரிக்காது. இந்தத் தீனியில எந்தக் கன்னும் உயிரோட இருக்க முடியாதுன்னு மிஷின் சொல்றது. அந்த முதலாளி சிரிக்கறார். 'அப்ப மயிலாப்பூர்ல கன்னுக்குட்டியெல்லாம் செத்தா போச்சு? ஒன் மிஷினுக்குத்தான் பேதி கண்டிருக்கு'ன்னுட்டார். புரோகிராம் தப்புன்னா வேற ஆளுகிட்டக் குடுக்கச் சொல்லிடுவேன்னு எங்க தலைவர் சொல்றார். மூணு தடவை சரிபார்த்துட்டேன். தப்பில்லை."

பிறகு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒருத்தர் மட்டும் கூட ஒண்ணு சொல்லியிருக்கார். 'வைக்கோல் கெட்டுப்போனா மாத்துவோம்.' தின்னுட்ட வைக்கோலை எப்படி சார் மாத்தறது?"

நான் இந்த ஊரில் பிறந்தவன். அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அவரோ தில்லியில் சீசாப் பால் குடித்து வளர்ந்தவர். இங்கேயும் விடியலில் டெப்போவில் பால் வாங்கி வைத்துவிட்டு முதல் பஸ்ஸில் அடையாறு போய்விடுவார். விடுமுறை நாளிலும் அந்நேரம் டெப்போ வரிசையில் நிற்பார். எங்கள் வாசலுக்குப் பசு வரும் நேரத்தில் அவர் இருந்ததே இல்லை. முதலாளியின் ஊரில் கன்றுகள் கன்றுகளாகவே இருந்தன. அந்த இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். டீக்கடையில் பதில் சொன்னவர்களோ உள்ளூர்க்காரர்கள். கேள்வியும் சரி, பதிலும் சரி.

சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்றேன்.

ஏகாம்பரம் எங்கள் தெருவுக்கே பால் ஊற்றுகிறவன். மந்தைவெளியில் ரயில் பாதைக்குப் போகும் சந்தில் அவனுடைய கொட்டகை. மறுநாள் விடியலில் நாங்கள் போனபோது அவன் கறக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். "வா தாயே. இன்னா சார், நீ கூட இம்மாங் காலைல எந்திரிச்சிட்டியா? ஊர்ல மழதான் வரும்" என்றான்.

"கன்னுக்கு வைக்கோல்தான் குடுக்கறேளாமே. அதைப் பாக்கணும்" என்றார் அவர்.

"இதோ" என்று சுவரில் அடித்திருந்த ஆணியிலிருந்து அதை எடுத்தான். குடையும் ஒரு பழைய சட்டையும் தொங்கிய அதே வரிசையில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கன்றின் தோல், உள்ளே வைக்கோல், கால்களுக்கு நான்கு மூங்கில் கழிகள். முகம் முகமாகவே இருந்தது. கண் இருந்த இடத்தில் மட்டும் சாக்குத் தையல். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். தூசி பறந்தது. கறவைப் பசுவின் முன்னால் நிறுத்தி, அதன் மேல் உப்புத் தண்ணீரைத் தெளித்தான். பசு கழுத்தை நீட்டி நக்கத் தொடங்கியது. காம்பில் பால் இறங்கியது.

"இன்னாமா நக்குது பாரு! அது பெத்ததுதான்."

அவர் அசையவில்லை. "இதுக்குத்தான் வைக்கோலா?"

"பின்ன? பஞ்சா வெப்பாங்க? மழைல நனைஞ்சா பஞ்சு கனக்கும் தாயே. வைக்கோலுன்னா நாத்தம் வந்ததும் மாத்திக்கலாம்."

அவர் கையை நீட்டி அதன் விலாவில் வைத்து அழுத்தினார். உள்ளே சரசரத்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அப்போ புரோகிராம் சரி."

எத்தனையோ விபத்து, தீ, கொலைச் செய்திகளை எடிட் செய்திருக்கிறேன். அந்தக் காலை வெளிச்சத்தில் கேட்ட அந்த மூன்று சொற்களுக்கு மட்டும் எனக்குத் தலைப்பு வைக்கத் தெரியவில்லை. தோல் கன்று எனக்குப் புதிதல்ல. தெருவிளக்குக் கம்பம் போலப் பார்த்துப் பழகியது. இந்த ஊரில் செத்த கன்றுகளைக் கண்டுபிடிக்க அடையாறில் ஒரு மெஷின் தேவைப்பட்டிருக்கிறது.

அவர் வெளியே போய்த் தெருக்குழாயில் கையைக் கழுவினார். உதறினார். மறுபடியும் கழுவினார். உள்ளே திரும்பி வந்தபோதுதான் மூலையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். கொட்டகையின் இன்னொரு பசுவான செவலை ஈன்ற கன்று. உயிருள்ளது. விலா எலும்புகள் தெரிந்தன. கயிறு மிகக் குட்டையாக இருந்ததால் அதற்குத் தலையைத் திருப்பக்கூட முடியவில்லை.

"அதுக்கு என்ன குடுக்கறேள்?"

"அது காளங்கன்னும்மா."

"நான் அதைக் கேக்கலை. என்ன குடுக்கறேள்?"

"இன்னாத்த குடுக்கறது? மொதல்ல ரெண்டு முட்டு முட்டும், பால் எறங்கினதும் இஸ்துக் கட்டிருவேன். கெடேரின்னா நாளைக்குக் கறக்கும். இத வெச்சிகினு நான் இன்னா பண்றது, ஏரு உழவா? அது தானா பூடும்."

"செத்துப்போயிடும்னு சொல்றேளா?"

"பூடும்னு சொல்றேன் தாயே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது இருக்கணும்னா நீங்க என்ன கேப்பேள்?"

ஏகாம்பரம் யோசித்தான். கெட்டவன் அல்ல, கேட்டதற்குப் பதில் சொல்கிறவன். "பாலு ஒரு சொட்டு கொறையக் கூடாது. எனக்குக் கைச்செலவு கூடாது. அப்பறம் ஒன் இஸ்டம்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற இன்னா கீது?"

"சரியா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"அட, அவ்ளோதாம்மா!"

அந்த இரண்டு வரம்புகளோடும் அவர் அடையாறு போனார். மெஷின் சொன்ன விடை: தாய்ப்பால் மிகக் குறைவு. மீதிக்குக் கொழுப்பு நீக்கிய பால்தூள், பொடித்த கடலைப் பிண்ணாக்கு, சோளமாவு, கொஞ்சம் மீன்தூள். வயதுக்கு வயது அளவு மாறும். முதலாளிக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கடை மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாராம். பிறகு, "செத்த கன்னுக்கு எவன் தீவனம் வாங்குவான்?" என்றாராம். சென்னை வியாபாரத்தை அன்றே கைவிட்டார். தீவனத்தைக் கோயம்புத்தூர்ப் பக்கம் அனுப்ப ஆரம்பித்தார். அங்கே அது நன்றாக ஓடியது என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் இந்த ஒரு கன்றுக்கு வேண்டிய மூட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். "பொழைக்க வையி தாயி" என்றார்.

அவர் அலுவலகம் போகும் வழியில் மந்தைவெளியில் இறங்கிக்கொள்வார். கன்றுக்கு முதலில் வாளியில் குடிக்கத் தெரியவில்லை. கூழுக்குள் விரல்களை வைத்துக்கொண்டால் அவற்றைச் சப்பிக்கொண்டே குடித்தது. அதைத் தடவிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. நாடாவால் மார்பைச் சுற்றி அளந்து பார்ப்பார், அவ்வளவுதான். பெயரும் வைக்கவில்லை. கொட்டகைக்காரர்கள் வைத்தார்கள். "டேய் கம்ப்யூட்டரு, நவுறு!" "கம்ப்யூட்டருக்கு இன்னிக்கு வவுறு எப்டி கீது?" விலா எலும்புகள் மறைந்தன. மயிர் பளபளத்தது. ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு சந்து முழுவதும் துள்ளி ஓடிற்று என்று வந்து சொன்னபோது, அவர் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

ஏகாம்பரமும் மனம் மாறித்தான் இருந்தான். செவலைக்கு இனித் தோல் தைக்க வேண்டியதில்லை; உயிருள்ள கன்றையே கூட்டிக்கொண்டு வீடு வீடாக வரத் தொடங்கினான்.

அப்போதுதான் அது கத்த ஆரம்பித்தது.

வாசலில் பசுவை நிறுத்துவான். கன்று ஒரு முட்டு முட்டும், பால் இறங்கும். உடனே அதைப் பிரித்து எதிர்க் கம்பத்தில் கட்டிவிட்டுக் கறப்பான். கன்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு கத்தும். அரைப்பட்டினிக் கன்றுக்குக் கத்தத் தெம்பிருக்காது. இதற்குச் சரியான தீவனம். ஒரு தெரு தள்ளியும் கேட்டது. கறந்து முடிக்கும் வரை கத்தும். அடுத்த வாசலிலும் கத்தும்.

எனக்கு அந்த மாதம் பகல் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டெப்போவிலிருந்து சீக்கிரமே திரும்பிவிட்டார். மாமி சொம்போடு வாசலில் நின்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னால பாக்க முடியலைடீ. அது நம்மளையே பாக்கறது. அது வாய்லேர்ந்து பிடுங்கி நாம காபி போட்டுக்கற மாதிரி இருக்கு."

"அப்படித்தான் மாமி" என்றார் அவர்.

"பேசாம இரு. இத்தனை வருஷமா வாங்கறேன், ஒருநாள் இப்படி இருந்ததில்லை. அந்தப் பழசு எவ்வளவு சமத்தா நிக்கும்! ஒரு சத்தம் உண்டா?"

அவர் மாமியையே பார்த்தார். "அது செத்தது மாமி."

"அதான் சொல்றேனே. பாவம், அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

மாமி கொடுமைக்காரி இல்லை. காக்கைக்குச் சோறு வைக்காமல் சாப்பிடாதவள். அவள் மட்டும் சொல்லவில்லை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் அதையேதான் சொன்னார்கள். கண் கொண்டு பார்க்க முடியவில்லை, காது கொண்டு கேட்க முடியவில்லை, இதைக் கூட்டிக்கொண்டு வராதே. சிலர் டெப்போப் பாலுக்கு மாறினார்கள். கன்றைக் கொட்டகையிலேயே விட்டு வந்து பார்த்தான் ஏகாம்பரம். செவலை பாலை அடக்கிக்கொண்டது.

அவர் அவனிடம் போனார். நானும் கூடப் போனேன்.

"பசியில கத்தறதா?"

"இன்னா பசி? வவுறு தம்முனு கீது. அம்மாகாரி வோணும்னு கத்துது. அதுக்கு இன்னா தீனின்னு ஒன் மிஷினாண்ட கேட்டு வாயேன்."

அவன் குத்தலாகத்தான் சொன்னான். அவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது, "அதை என்ன பேர் போட்டு எழுதறது சார்? எந்த அட்டையிலயும் அதுக்கு இடமில்லை" என்றார்.

நிபந்தனை என்றால் நிபந்தனை. பால் குறையக் கூடாது என்றுதான் ஏகாம்பரம் சொல்லியிருந்தான், இப்போது குறைந்துவிட்டது. அவனோடு வாதாட அவருக்குத் தோன்றவே இல்லை. கன்றைப் பின்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று மாமியைக் கேட்டார். "ஆத்துக்குள்ளயா? ராத்திரியெல்லாம் கத்துமேடீ!" பிறகு முதலாளியிடம் போனார். அவர் ஒப்புக்கொண்டார். கடலை ஏற்றி வரும் லாரி வெறுமையாக ஊர் திரும்பும்போது கன்றை ஏற்றிவிடலாம். அவருடைய தம்பி வீட்டில் நாலு மாடுகளோடு அதுவும் நிற்கும்.

"லாரி வர வரைக்கும் வெச்சிருங்கோ. இந்த வாரத்துலயே வந்துடும்" என்று ஏகாம்பரத்திடம் சொன்னார். "சர்தான்" என்றான் அவன்.

லாரி வந்தது. அவர் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கொட்டகை மூலையில் முளைக்குச்சி மட்டும் இருந்தது.

"எங்கே?"

ஏகாம்பரம் சாணியை வாரிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "சிந்தாதிரிப்பேட்ட போயிருக்கு தாயே."

"ஐயோ, லாரி நிக்கறதே. எப்போ வரும்?"

"நாளைக்கு வந்துரும்."

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். டிரைவரிடம் திரும்பி, நாளைக்கு ஒருநாள் இருக்க முடியுமா என்று கேட்டார். அவன் முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவர் மறுபடி ஏகாம்பரத்திடம் வந்தார்.

"அங்க யார் தீனி போடறா? அளவு தெரியுமோ? நான் எழுதித் தரவா?"

ஏகாம்பரம் இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இதை நீ சொல்லேன் என்று கெஞ்சும் பார்வை. சிந்தாதிரிப்பேட்டையில் தோலை உரித்துப் பதப்படுத்தி, அடைத்துத் தைத்துத் தருகிற ஆள் ஒருவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை.

"அங்க வைக்கோல்தான் தாயே போடுவாங்க" என்றான்.

அவர் தீவன மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாய் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டின் மேல் சிலந்தி ஓர் இழை ஓட்டியிருந்தது.

"தீவனத்தை நிறுத்திட்டேளா?"

"நிறுத்தல. போடல."

"வெச்சிருங்கோன்னு சொன்னேனே."

"வெச்சிகினுதான் இருந்தேன். அது நிக்கல." பிறகு திடீரென்று குரல் உடைந்து கத்தினான்: "தெருவே என்னைய வெரட்டுது, நான் இன்னாம்மா பண்ணுவேன்? நீ வந்து கறப்பியா? நீ வாங்குவியா, டெப்போல பாலு வாங்கறவ!"

லாரி டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டான்.

இரண்டு நாள் கழித்து அவருக்கு விடுமுறை. டெப்போவிலிருந்து இரண்டு சீசாக்களோடு அவர் திரும்பும்போது செவலை எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தது. நான் பல் துலக்கியபடி படியில் இருந்தேன். ஏகாம்பரம் குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் தலையைப் பசுவின் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டான். பசுவின் முன்னால் புதுத் தோல். பழையதைப் போல ஒட்டிச் சுருங்கியது அல்ல. கழுத்து கழுத்தாக, தொடை தொடையாக நிறைந்திருந்தது. வெயிலில் மயிர் மினுங்கியது. செவலை அதன் நெற்றியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

மாமி சொம்போடு வெளியே வந்தாள். குனிந்து அதன் கன்னத்தைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எவ்வளவு புஷ்டியா இருக்குடா ஏகாம்பரம்! உன் கொட்டகையில இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லை."

சீசாக்களைப் பிடித்தபடி நின்ற அவர்தான் பதில் சொன்னார். மாமி எதைக் கேட்டாலும் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில்.

"ஆமாம் மாமி. புரதம் குறையாம குடுத்தோம்."

மாமி திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு சொம்பை நீட்டினாள்.